தெளியாத எண்ணெய்

ஓசூர்
29 ஜூலை 2024

அக்காவுக்கு,

மணிவேல் எழுதுகிறேன். உன் போனுக்கு அடித்தால் ஹரீஷ் மாமா எடுக்கிறார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார். இப்போதெல்லாம் ரிங்கே போவதில்லை. அதனால்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதன்முதலாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வீட்டு முகவரிக்கு எழுதினால் அதுவும் மாமா கையில்தான் போகும் என்று நீ வேலை செய்யும் அங்கன்வாடிக்கு அனுப்புகிறேன். பிள்ளைகள் முன்னால் பிரித்துப் படித்துவிட்டு என்னைத் திட்டாதே.

உன் வீட்டில் நான் பேசிய இடம் தப்பு. பாப்பா சுவாதியின் பிறந்தநாளும் அதுவுமாக, உன் மாமியார் எதிரில், "எண்ண குறையுது மாமா, எங்க போவுது?" என்று கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேள்வி தப்பில்லை அக்கா. நானும் மாமாவும் சேர்ந்துதானே தொடங்கினோம்? கம்பெனியில் என்னை நிறுத்தியதும் ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, ஓட்டல்களில் பொரித்து மிஞ்சும் எண்ணெயில் ஓடும்படி மாற்றினேன். மாமா தன் லோடு ஆட்டோவில் சூளகிரி வரைக்கும் புரோட்டா கடை, சிக்கன் கடை என்று சுற்றி அந்தக் கறுப்பு எண்ணெயைக் கொண்டுவந்தார். நான் காய்ச்சி, தெளியவிட்டு, வடிகட்டி ஊற்றினேன். ரோஜாக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போனால் அங்கே ஒரு வியாபாரி பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனப்பா, குலாபில போண்டா வாசனெ பர்த்தாயிதெ?" என்பார். ரோஜாவில் போண்டா வாசம்! அதைச் சொல்லி நாம் மூன்று பேரும் எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

வண்டி குடிப்பதைவிட வேகமாக எண்ணெய் குறைந்தது. வேறு வண்டிக்காரர்களுக்கு மாமா விற்கிறார் என்று நினைத்துத்தான் கேட்டேன். சட்டையைப் பிடித்துவிட்டார்.

இந்தக் கடிதம் அந்தச் சண்டைக்காக இல்லை. போன வாரம் நான் பெங்களூர் போயிருந்த சமயம் மாமா என் ஷெட்டுக்கு வந்து, தன் பங்கு என்று சொல்லி, மூலையில் இருந்த நீல டிரம்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது தெளியாத எண்ணெய். அடியில் கசடும் தண்ணீரும் இன்னும் என்னென்னவோ நிற்கும். நான் மேலே இருக்கும் குழாயில்தான் எடுப்பேன், அடியைத் தொடமாட்டேன். அதை யாருடைய வண்டியில் ஊற்றினாலும் பம்ப் போய்விடும், இன்ஜின் படுத்துவிடும். நம்மால் ஒரு டிரைவரின் பிழைப்பு கெடக் கூடாது. யாருக்குக் கொடுத்தாரோ அவர்களிடமிருந்து திரும்ப வாங்கிவிடச் சொல். இதை மட்டும் மாமா காதில் போட்டுவிடு. என் பெயரைச் சொல்லாமலாவது சொல்.

சுவாதிக்கு முத்தம்.

மணி


மத்தூர்
6 ஆகஸ்ட் 2024

மணி,

உன் கடிதத்தைச் சென்னம்மாக்கா வாங்கி வைத்திருந்தார். சுவாதி பிறந்தநாளுக்கு வந்திருந்தாரே, எங்கள் மையத்தில் சமைக்கிற ஆயா. "உன் தம்பி எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்குதும்மா" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். படித்தேன். அடுப்பில் போட்டேன்.

உனக்கு அக்கா வேண்டும், அக்கா புருஷன் வேண்டாம். அப்படி ஒரு உறவு நம் பக்கத்தில் கிடையாது. அன்றைக்குத் திருடன் என்றாய். இன்றைக்கு ஊரான் வண்டியைக் கெடுக்கிறவர் என்கிறாய். நாளைக்கு என்ன சொல்வாய்? நீ எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும் என் மாமியார் கேட்டது ஒன்றுதான்: "உன் பொறந்தவனுக்கு வேலையில்லாம நின்னப்ப ஆட்டோ ஓட்டி எண்ண கொண்டாந்து ஊத்துனது யாரு?" பதில் இருந்தால் நீ சொல்.

உன்னை விட்டு விலகிய பிறகுதான் அவர் நிம்மதியாக இருக்கிறார். சமையல் எண்ணெய் ஏஜென்சி எடுத்திருக்கிறார். போச்சம்பள்ளி, மத்தூர் கடைகளுக்குப் போடுகிறார். சட்டையில் கறை இல்லாமல் வீட்டுக்கு வருகிறார். நீ சொன்னதை நான் அவரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் யார் எழுதியது, எப்போது எழுதினான் என்று மறுபடியும் தொடங்கும். எனக்குத் தெம்பு இல்லை.

சுவாதி நன்றாக இருக்கிறாள். அவளும் என் மையத்தில்தான் உட்காருகிறாள். வீட்டில் அம்மா, அங்கே டீச்சர். மறந்துபோய் "அம்மா" என்று கூப்பிட்டால் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று தானே திருத்திக்கொள்கிறாள். சுதந்திர தினத்தன்று கொடியேற்றியதும் பிள்ளைகளுக்கு அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து கச்சாயம் சுட்டுத் தரலாம் என்றிருக்கிறேன். அரசாங்கச் சாமானில் இல்லை, என் சொந்த ஆசை. மிட்டாய் கொடுத்து அனுப்பினால் பாதி வழியில் தீர்ந்துவிடும். கச்சாயம் என்றால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டுவார்கள்.

உனக்கு அனுப்பமாட்டேன். மாமாவிடம் வந்து மன்னிப்புக் கேள், அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ரேவதி


கிருஷ்ணகிரி
16 ஆகஸ்ட் 2024, காலை

அக்கா,

இதைச் சென்னம்மாக்கா கையில் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகள் வார்டுக்குள் அம்மாக்களை மட்டும்தான் விடுகிறார்கள். உன் போனை விசாரணைக்காரர்கள் வாங்கி வைத்திருப்பதாக அவர்தான் சொன்னார்.

நேற்றுச் சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தினேன். கடையில் டிவி ஓடியது. "மத்தூர் அருகே அங்கன்வாடிக் குழந்தைகள் மயக்கம்" என்று கீழே எழுத்து ஓடியபோதுகூட உன் நினைப்பு வரவில்லை. மத்தூர் பக்கம் எத்தனை அங்கன்வாடி இருக்கிறது! பிறகு காட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சென்னம்மாக்கா. டம்ளர் கையிலிருந்து விழுந்தது எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் வந்து என் காலைத் துடைத்துவிட்டார்.

ஜன்னல் வழியாக சுவாதியைப் பார்த்தேன். ஊசி குத்திய கையைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்குப் பரவாயில்லை என்று நர்ஸ் சொன்னார். உன்னையும் பார்த்தேன். நீ வேறொரு கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாய். கண்ணாடியைத் தட்டினேன். நீ திரும்பவில்லை.

மாமா வேப்பமரத்தடியில் இருந்தார். திட்டுவார், அடிப்பார் என்று தயாராகத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அவர் திட்டாதது எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. வேனை வாசலில் நிறுத்தியபோது ஒரு பெண், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவள், புகையை முகர்ந்துவிட்டு என் பக்கம் ஓடி வந்தாள். "இந்த வாடதான்! எம்பையன் வாந்தியில இந்த வாடதான் அடிச்சுது!" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போனார்கள்.

அக்கா, கச்சாயத்தை என்ன எண்ணெயில் சுட்டாய்? எங்கே வாங்கினாய்? இதற்கு மட்டும் உடனே பதில் எழுது. சென்னம்மாக்கா காத்திருப்பார்.

மணி


கிருஷ்ணகிரி
16 ஆகஸ்ட், மதியம்

மணி,

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். என்ன எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லோரும் பல்லி விழுந்ததா என்று கேட்கிறார்கள். விழவில்லை. பாத்திரத்தை நானே கழுவினேன். மாவை நானே இடித்தேன், வெல்லத்தைப் பாகு காய்ச்சி வடிகட்டினேன். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் நுரை பொங்கியது. சென்னம்மாக்கா, "ஏம்மா, எண்ண இப்பிடி பொங்குது?" என்றார். "புது எண்ணக்கா, டின்னுல ஈரம் இருந்திருக்கும்" என்றேன். நான்தான் சொன்னேன், மணி. அவர் கேட்டார். நான் பதில் சொல்லி வாயை அடைத்தேன்.

கொடியேற்றினோம். பிள்ளைகள் வரிசையாகக் கை நீட்டினார்கள். லாவண்யா இரண்டாவது தடவை வந்தாள். அந்தப் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது, கடைவாயில் வைத்துக் கடித்தாள். "இன்னொண்ணு டீச்சர்" என்றாள். கொடுத்தேன். நான் வாயில் போடவில்லை. எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தால் எனக்குச் சாப்பிடத் தோன்றாது.

கொஞ்ச நேரத்தில் அவள்தான் முதலில் வந்தாள். "டீச்சர், வவுறு என்னமோ பண்ணுது." பின்னால் ஒருவன். பிறகு எல்லோரும். தரை முழுக்க. சுவாதி என் சேலையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள், திருத்திக்கொள்ளவில்லை. ரோட்டில் ஓடினேன். போச்சம்பள்ளிக் கம்பெனி பஸ் ஒன்று ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தது. நான் கையைக்கூட நீட்டவில்லை, என் முகத்தைப் பார்த்தே டிரைவர் நிறுத்திவிட்டார். உள்ளே இருந்த பெண்கள் யாரும் சொல்லாமலே இறங்கி, ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

ஊரில் என்னை விஷம் வைத்தவள் என்கிறார்களாம். சொல்லட்டும். லாவண்யாவுக்கு நேற்றிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை. முகம் ஊதிக்கொண்டு வருகிறது. டாக்டர்கள் என்னவோ பேசிக்கொள்கிறார்கள். நான் அவள் கட்டிலருகேதான் இருக்கிறேன்.

நீ கேட்டது: எண்ணெய் மத்தூர் அழகர்சாமி கடையில் வாங்கினேன். சில்லறையாக, கேனில் ஊற்றிக் கொடுத்தார். உன் மாமாவும் இதையேதான் கேட்டார். வந்ததும் பிள்ளையைப் பார்க்கவில்லை. "எண்ண எது? நம்ம வூட்டு எண்ணதானே?" என்றார். அழகர்சாமி கடை என்றதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "வூட்டுல இருந்துச்சே! அதை எடுத்துக்கினு போயிருக்கலாமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வீட்டு எண்ணெய் அவ்வளவுக்குப் போதாது என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவர் எழுந்து போய்விட்டார். அதன்பிறகு வார்டு பக்கம் வரவே இல்லை. பெற்ற பிள்ளை கிடக்கிறாள், ஜன்னலில்கூட முகத்தைக் காட்டவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ரேவதி


கிருஷ்ணகிரி
17 ஆகஸ்ட் 2024

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் கிடைத்ததும் நேராக அழகர்சாமி கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. பின்பக்கம் மாட்டுக் கொட்டகை ஓரமாக என் நீல டிரம்கள் இரண்டும் நின்றன. குழாய் நான் பற்றவைத்தது; எனக்குத் தெரியாதா? ஒன்று காலி. இன்னொன்றைச் சாய்த்து வைத்து அடிவரைக்கும் வடித்திருந்தார்கள். அழகர்சாமி வீட்டிலிருந்து வந்தார். என்னைப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ஹரீஷ்குமார் ஏஜென்சி சரக்கு, பாமாயில்னு சொல்லித்தான் எறக்குனாரு" என்றார்.

நான் வண்டிக்காரர்களுக்காகக் கவலைப்பட்டு உனக்குக் கடிதம் எழுதினேன். பம்ப் போய்விடும் என்று எழுதினேன். மனிதர்கள் தின்பதற்கு விற்பார் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை அக்கா. எப்படி எட்டும்?

கேள், இன்னும் இருக்கிறது. அந்த டிரம்களை நான் ஓசூரில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் கௌஸ் மொய்தீன் பாயிடம் வாங்கினேன். கம்பெனியில் லேத்தில் இரும்பு கடையும்போது மெஷினில் ஊற்றுகிற கெமிக்கல் வந்த டிரம். வாங்கும்போதே, "தம்பி, வண்டி எண்ணைக்குன்னா எடுத்துக்க. தண்ணி கிண்ணி புடிச்சு வெச்சிடாத" என்றார். நான் அலசினேன். அலசியது போதாது. எண்ணெயைவிடக் கனமானது அடியில்தான் நிற்கும். நான் அடியைத் தொடமாட்டேன் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். மாமாவுக்கு இது தெரியாது. அவர் எடுத்தது ஓட்டல் எண்ணெய் என்றுதான் எடுத்தார். அதுவரைக்கும் உண்மையைச் சொல்லவேண்டும்.

பாய்க்கு போன் செய்தேன். "கொழந்தைங்களா?" என்று மட்டும் கேட்டார். அதே லாட்டில் வந்த டிரம் ஒன்று லேபிளோடு குடோனில் கிடந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து, வண்டியில் கட்டிக்கொண்டு, நான் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்துவிட்டார். இரண்டு பேருமாகப் போய் டாக்டரிடம் லேபிளைக் காட்டினோம். அவர் படித்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "இதையா?" என்றார். அப்புறம் ஓடினார். டாக்டர் ஒருவர் ஓடுவதை நான் பார்த்ததில்லை. லாவண்யாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று இப்போது தெரியவந்தது. நீயே பார்த்திருப்பாய்.

டாக்டருக்குச் சொல்லியாயிற்று. அடுத்தது போலீஸ். நான் போவேன். டிரம் என்னுடையது. ஆனால் டிரம் எப்படிக் கடைக்குப் போனது என்று கேட்பார்கள். அவர் உன் புருஷன், சுவாதியின் அப்பா. உனக்குத் தெரியாமல் நான் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்றுதான் இந்தத் தாள். ரொம்ப நேரம் காத்திருக்கமாட்டேன் அக்கா. அந்த எண்ணெய் வேறு எந்தக் கடைக்குப் போயிருக்கிறதோ.

மணி


கிருஷ்ணகிரி
20 ஆகஸ்ட் 2024

மணி,

உன்னை ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பாய் இதைக் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார்.

அன்றைக்கு உன் தாளைப் படித்துவிட்டு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். உன் மாமா சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் அழவில்லை. எனக்கு உள்ளே ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. "எனக்கே தெரியாது, எவனோ என்னை ஏமாத்திட்டான்" என்று அவர் சொல்லிவிட வேண்டும். பொய்யாகச் சொன்னாலும் நம்பியிருப்பேன்.

"அழகர்சாமிக்குப் போட்டது மணி ஷெட்டு எண்ணயா?" என்றேன்.

"மெதுவா பேசு."

"ஆமாவா இல்லையா?"

"எல்லாம் காச்சி வடிகட்டுன எண்ண ரேவதி. பாக்கறதுக்கு புதுசு மாதிரிதான் இருந்துச்சு. ரோட்டுக்கடைல எல்லாம் என்னாத்துல பொரிக்கறாங்கன்ற? ஊரே திங்குது. அதுல கெமிக்கல் இருக்கும்னு நான் கண்டனா?"

நான் வார்டுப் பக்கம் திரும்பினேன். அவருக்கு அது பொறுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நம்பவேண்டும் என்று கெஞ்சுகிற முகத்தோடு சொன்னார்:

"நம்ம வூட்டுக்கு ஒரு சொட்டு கொண்டாந்தனா? சொல்லு. உனக்கும் பாப்பாவுக்கும் பாக்கெட் எண்ணதானே வாங்கியாந்தன்?"

மணி, தன் தப்பை மறைக்க அவர் அதைச் சொல்லவில்லை. தான் நல்லவர் என்பதற்குச் சாட்சியாகச் சொன்னார். அந்த மனிதரோடு நான் ஏழு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

கையை விடுவித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலேயே இருந்த பெண் இன்ஸ்பெக்டரிடம் போனேன். உன் மாமா பின்னாலேயே வந்தார். "சுவாதிக்கு அப்பன் வேணாமா?" என்றார். நான் திரும்பவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எந்தெந்தக் கடைக்குப் போவார் என்று எனக்குத் தெரிந்த கடைகளின் பெயரையும் சொன்னேன். இன்ஸ்பெக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "நல்லா யோசிச்சுத்தான் சொல்றிங்களா?" என்றார். "மொதல்ல அந்தக் கடைங்களுக்கு ஆள அனுப்புங்க, அப்புறம் யோசிக்கிறன்" என்றேன்.

நீ ஜூலையில் எழுதியதையும் சொல்லிவிட்டேன். திரும்ப வாங்கச் சொல் என்று என் தம்பி எழுதினான், நான் அடுப்பில் போட்டேன் என்றேன். அன்று ராத்திரி சோறு போடும்போது அவர் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. தெரியாது என்பதுதான் என்னைத் தின்கிறது.

மாமியார் வந்தார். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். பிறகு ஜன்னலுக்கு வந்து சுவாதியைப் பார்த்தார். அவளைப் பார்த்த பிறகு அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். நஞ்சு இருந்த டிரம்மை ஒரு எழுத்துகூட எழுதாமல் மூலையில் நிறுத்தினாயே. ஆனால் நீயும் பாயும் லேபிளைக் கொண்டுவந்த அன்று டாக்டர் என்னிடம் சொன்னார், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் லாவண்யா இல்லை என்று. இரண்டும் உன் கைதான். எதை வைத்து உன்னைப் பார்ப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ரேவதி


ஓசூர்
4 செப்டம்பர் 2024

அக்கா,

என்னை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். மாமா இன்னும் ஜெயிலில்தான். கேஸ் நடக்கும். வேன் மத்தூர் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது, தொட்டிக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். மாற்றி ஓட்டியதற்கு முறையான அனுமதி இல்லை என்று அது தனிக் கேஸ். ஷெட்டைக் காலி செய்துவிட்டேன். மிச்சம் இருந்த டிரம்களின்மேல் சிவப்புப் பெயின்டில் "விஷம்" என்று பெரிதாக எழுதினேன். அதிகாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். எழுதும்போது நீ சொன்னதுதான் காதில் கேட்டது. பெயின்ட் டப்பா ஷெட்டிலேயேதான் இருந்தது, எத்தனையோ மாதமாக.

நீ சொன்ன கடைகளில் எண்ணெய் பிடிபட்டதாம். ஒரு கேன் போச்சம்பள்ளியில் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்திருக்கிறது. திறக்கவில்லை. அந்த பஸ்ஸிலிருந்து இறங்கிப் பிள்ளைகளைத் தூக்கிய பெண்கள் அங்கே இருப்பவர்களாகவும் இருக்கலாம்.

இதைக் கேள். ஜாமீன் கிடைத்து வெளியே வந்தேன். எதிரே டீக்கடையில் ஒருவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, பார்க்க மரியாதையான ஆள். எனக்கு டீ சொன்னார். பரிதாபமாக விசாரித்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, அந்த ஓட்டல் எண்ண லைன இப்ப யாரு எடுக்கறாங்க? டிரம்மு பிரச்சினைதானே, நான் நல்ல டிரம்மு தர்றன்" என்றார். எதிரே ஸ்டேஷன். அதன் வாசலில் என் வேன். எனக்கு அடிக்கக்கூடக் கை எழவில்லை. அந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறேன், அவர் நிம்மதியாக உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறார். எனக்கு இப்போது யாரைப் பார்த்தாலும் இவருக்கு என்ன தெரியும், எதைத் தெரிந்துகொண்டே செய்கிறார் என்று தோன்றுகிறது. மாமாவோடு ஒரே ஷெட்டில் இத்தனை நாள் சிரித்துப் பேசி வேலை செய்தேனே.

கௌஸ் மொய்தீன் பாய் தன் கடையிலேயே வேலை கொடுத்திருக்கிறார். டிரம் அலசும் வேலை இல்லை, அதை நானே வேண்டாம் என்றேன்.

சுவாதி என்னைக் கேட்கிறாளா? லாவண்யா எப்படி இருக்கிறாள்? வரலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுத மட்டும் செய்கிறேன்.

மணி


மத்தூர்
22 செப்டம்பர் 2024

மணி,

எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். லாவண்யா மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். டயாலிசிஸ் நிறுத்தியாயிற்று. தானாகவே ஒன்றுக்குப் போகிறாள். மருந்து ரொம்ப நாளைக்கு உண்டாம். டாக்டர் இப்போது என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

எனக்கு வேலை இல்லை. விசாரணை முடியும்வரைக்கும் மையத்துக்கு வரக் கூடாது என்று உத்தரவு. வீட்டில் அடுப்புப் பற்றவைப்பது சென்னம்மாக்காதான். என்னால் எண்ணெய் வாசத்தின் பக்கம் நிற்க முடியவில்லை. எண்ணெய் பாக்கெட்டைப் பார்த்தாலும் உன் மாமாவின் அந்த வார்த்தை. சுவாதிக்கு அப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். அவளே யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து, "அப்பா எண்ணய மாத்தி வித்துட்டாங்களாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. விளையாடப் போய்விட்டாள்.

நேற்று லாவண்யாவின் அம்மா ஆளனுப்பி என்னை வரச் சொன்னாள். பஸ்ஸில் போகும்போதே, என்ன செய்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன். அடித்தால் அடிக்கட்டும். வார்டில் நான் நுழைந்ததும் மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கிண்ணத்தில் ரசம் விட்டுப் பிசைந்த சோற்றை என் கையில் திணித்தாள்.

"காலைலேருந்து ஒரு வா சோறு திங்கமாட்டன்றா. நானும் கெஞ்சிட்டன், நர்சம்மாவும் அதட்டிட்டாங்க. டீச்சர் ஊட்டுனாத்தான் திம்பேன்னு ஒரே அடம்."

"யாரு?" என்றேன்.

"நீங்கதான். வேற எந்த டீச்சர்?" சொல்லும்போதே அவளுக்கு உதடு கோணியது. அவள் என்னை மன்னிக்கவில்லை மணி. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிள்ளை பசியோடு இருக்கிறாள், அவ்வளவுதான்.

எத்தனையோ நாளாக நான் போலீஸைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், மாமியார் வாரித் தூற்றிய மண்ணைப் பார்த்தேன். எதற்கும் நான் ஓடவில்லை. இந்தக் கிண்ணத்தைக் கண்டு ஓடத் தோன்றியது. லாவண்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குச்சியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். விழுந்த இடத்தில் புதுப்பல் ஒன்று வெள்ளையாகத் தலைகாட்டியிருந்தது.

என்னால் கையை நீட்ட முடியவில்லை. முதல் உருண்டையை என் வாயில் போட்டுக்கொண்டேன். மென்று விழுங்கினேன். காத்திருந்தேன். வார்டே என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது உருண்டையையும் நானே போட்டுக்கொண்டேன்.

லாவண்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டீச்சர், அது என் சோறு."

ஊட்டினேன்.

பாயிடம் லீவு கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா.

ரேவதி